மல்லாக்கப் புரள மறுத்த கை

எலும்பு உடைந்ததைப் பற்றி எல்லாரும் விசாரிப்பார்கள். அது கூடியதற்கு அப்புறம் நடந்ததை ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். எனக்கு வந்த கஷ்டமெல்லாம் கூடியதற்கு அப்புறம்தான். அதனால் அதைத்தான் எழுதப் போகிறேன். என்னைப் போல, கட்டு பிரித்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு திரிகிறவர்கள் யாராவது படித்தால் நல்லது.

என் பெயர் செல்வி. எம்.கே.பி. நகரில் அத்தோ வண்டி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஜெயபாலின் குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது, அவர்கள் வீட்டுச் சாப்பாடுதான் அத்தோ. வேகவைத்த நூடுல்ஸ், பொடியாக நறுக்கிய முட்டைகோஸ், வறுத்த வெங்காயம், பேஜோ என்கிற பொரித்த தட்டையை நொறுக்கியது, புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள். எல்லாவற்றையும் ஒரு பேசினில் போட்டுக் கையால் கலக்க வேண்டும். கரண்டி போட்டால் நூடுல்ஸ் நசுங்கிவிடும். விரல்கள் அடியில் போய், உள்ளங்கை மேலே பார்க்க அள்ளி, அப்படியே கவிழ்த்து உதற வேண்டும். அள்ளு, கவிழ், அள்ளு, கவிழ். அவ்வளவுதான் வித்தை. அவர் மணலியில் ஒரு குடோனில் வேலைக்குப் போகிறவர். வண்டி முழுக்க என்னுடையது. என் கை ருசிக்குத்தான் கூட்டம் வருகிறது என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு நாள் சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது மழைநீர் வடிகால் மூடி இரண்டுக்கு நடுவே இருந்த சந்தில் முன்சக்கரம் இறங்கிவிட்டது. வண்டி சாய்ந்தது. பூண்டு எண்ணெய் டப்பா வழுக்கிக்கொண்டு வந்தது. அதைப் பிடிக்கப் பாய்ந்தேன். டப்பாவை இடது கையில் பிடித்துவிட்டேன், நான் வலது கையை ஊன்றி விழுந்தேன். முன்கையில் இரண்டு எலும்பு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். இரண்டும் போயிருந்தன. டப்பாவில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு எலும்புக்கும் தனித்தனியாகத் தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கச் செய்தார்கள், அதனால் நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் தச்சுப் பட்டறைச் சத்தம். ஒரு டாக்டர் இன்னொருவரிடம் மதியம் என்ன சாப்பாடு என்று கேட்டார். பயந்துபோய்ப் படுத்திருந்த எனக்கு அதைக் கேட்டதும்தான் தைரியமே வந்தது. சாப்பாட்டைப் பற்றி யோசிக்கிறார் என்றால் கை சரியாகத்தான் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

வார்டில் இருந்த நாட்கள் முழுக்க எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தது என் நாத்தனார் வசந்தா. கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள். ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்தது கிடையாது. மூச்சு வாங்க வந்து நிற்பாள்.

"நான் இன்னா பண்றது அண்ணி? கேட்டு போட்டுட்டான். ஒரு கூட்ஸு வண்டி போவுது பாரு, போய்க்கினே கீது."

ரயில்வே கேட்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து எனக்கு ஊட்டிவிடுவாள். பக்கத்துப் படுக்கைக்காரிக்கும் ஒரு உருண்டை போகும். ராத்திரியில் வலி வரும், தூக்கம் வராது. தலையணை மேல் கையை உயர்த்தி வைத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். விடியும் வரை யாராவது ஒருத்தர் முனகிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் அது நானாகவும் இருந்தது.

தையல் பிரித்தபோது முன்கையின் உள்பக்கம் ஒரு நீளத் தழும்பு, முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்குப் போகும் வெளிப்பக்கம் இன்னொன்று. டாக்டர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "கையைத் திருப்பித் திருப்பிப் பழகும்மா. பிசியோதெரபிக்குத் தவறாம போ." போனேன், கொஞ்ச நாள். அப்புறம் லேசான வேலை செய்யலாம் என்றதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. அங்கே போய் உட்கார்ந்து கையைத் திருப்புவதற்குப் பதிலாக வண்டியிலேயே நின்று திருப்பலாமே. அத்தோ கலக்குவதை விடப் பெரிய கைப்பயிற்சி உலகத்தில் எங்கே இருக்கிறது? கையும் சரியாகும், வியாபாரமும் ஓடும். என்ன ஒரு மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் கலக்கும்போது கை அள்ள வரவில்லை. கட்டை விரல் மேலே பார்க்கிற வரை திரும்பியது, அதற்குமேல் உள்ளே யாரோ பிடித்து இழுத்தார்கள். ஆனால் கை வராவிட்டால் உடம்பு வருமே. முழங்கையை வயிற்றுக்கு முன்னால் கொண்டுவந்து, இடுப்பிலிருந்து வலப்பக்கம் ஒரு சாய் சாய்ந்தால் உள்ளங்கை மேலே வந்துவிடுகிறது. அள்ளு, சாய், கவிழ், நிமிர். ஒரு வாரத்தில் தாளம் பிடிபட்டுவிட்டது. எனக்கே அது புது பாணியாக, பிடித்தும் இருந்தது.

வாடிக்கைப் பசங்கள் விடுவார்களா?

"இன்னாக்கா, டான்ஸு ஆடிக்கினே கலக்குற?"

"துட்டு குடுத்துப் பாக்குற டான்ஸுடா. வாய மூடிக்கினு துன்னு."

அவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். சிலர் செல்போனில் படம்கூடப் பிடித்தார்கள். இதற்கிடையில் சில்லறையைக் கையில் வாங்க முடியாமல், "தட்டுல போடு நைனா" என்று சொல்லப் பழகியிருந்தேன். முகம் கழுவ இடது கை. சாப்பிட ஸ்பூன். வீட்டுக்கு வந்த வசந்தா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, தொரசானி கணக்கா ஸ்பூன்ல துன்னுகினு கீற?" என்று கேட்டாள். தழும்பு கொஞ்சம் இழுக்கிறது, போகப் போகச் சரியாகும் என்றேன். நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினேன். எலும்பு கூடுகிறதா என்பது ஒன்றுதான் என் கவலை.

எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேவை விளக்கில் மாட்டிப் பார்த்த டாக்டர், "அருமையா சேர்ந்திருக்கு" என்றார். ஜெயபால் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார். அடுத்து, "உள்ளங்கையைக் காட்டும்மா" என்றார் டாக்டர். நான் என் பாணியில் ஒரு சாய் சாய்ந்து காட்டினேன். அவர் எழுந்து வந்தார். என்னைச் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார வைத்து, முழங்கையை விலாவோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"இப்போ காட்டு. உடம்பு அசையக் கூடாது."

கட்டை விரல் கூரையைப் பார்த்தது. அதோடு நின்றது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினேன். நகரவில்லை. இத்தனை நாள் நான் திருப்பியது கையை இல்லை, இடுப்பை. எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

டாக்டர் தழும்பின் மேல் விரலை வைத்துத் தள்ளிப் பார்த்தார். சுற்றியிருந்த தோல் அசைந்தது, தழும்பு மட்டும் அசையவில்லை, ஆணி அடித்ததுபோல நின்றது. "உள்ளே ஒட்டிக்கிச்சு" என்றார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். முன்கையின் இரண்டு எலும்பில் ஒன்று அசையாமல் நிற்க, இன்னொன்று அதைச் சுற்றிப் புரளும். அப்படிப் புரண்டால்தான் உள்ளங்கை மேலே வரும். அதற்குத் தோல், தசை, நரம்புபோல இருக்கும் தசைநாண், எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க வேண்டும். அறுத்த இடம் ஆறும்போது தோலில் மட்டும் தழும்பு வருவதில்லை, அடி வரைக்கும் வருகிறது. அசைக்காமல் விட்டால் அந்தத் தழும்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிவிடும். இதற்கு அட்ஹெஷன் என்று பெயர். வேகவைத்த நூடுல்ஸை எண்ணெய் தடவி உதறாமல் அப்படியே விட்டால் கட்டியாகிவிடுமே, அதுதான் என் கைக்குள் நடந்திருக்கிறது.

"இன்னும் இளகுற நிலைமையிலதான் இருக்கு. ஒழுங்கா பிசியோ பண்ணு. அடுத்த தடவை பார்ப்போம். வரலைன்னா திறந்து பிரிச்சு விடணும்."

"மறுபடியும் ஆபரேஷனா சார்?" என்று ஜெயபால் கேட்டார். அவர் பல் இப்போது தெரியவில்லை.

"ஆமா. ஆனா அதுவும் ஆறணும், அதுலயும் தழும்பு வரும். அதனாலதான் முதல்ல இதைப் பண்ணச் சொல்றேன்."

ஒட்டினதைப் பிரிக்க அறுக்க வேண்டும், அறுத்தது மறுபடி ஒட்டலாம். வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. பயத்தில் பாதி, என் டான்ஸை நினைத்து ஆத்திரத்தில் பாதி. ஜெயபால் டீ வாங்கி வந்தார். நீ ஏன் பிசியோவுக்குப் போகாமல் விட்டாய் என்று அவர் அன்றைக்கும் கேட்கவில்லை, இன்று வரைக்கும் கேட்கவில்லை.

பிசியோதெரபி மேடம் பெயர் கவிதா. என்னைவிட ரொம்பச் சின்னவர், ஆனால் கறார். நான் வண்டியில் எப்படிக் கலக்குகிறேன் என்று செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க தினமும் உங்க கைக்குச் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? நீ திரும்ப வேணாம், நான் பார்த்துக்குறேன்னு உடம்பு சொல்லுது. கை அப்புறம் எதுக்குத் திரும்பும்? கலக்குறதை நிறுத்துங்க."

"நான் கலக்கலன்னா வண்டி எப்டி ஓடும் மேடம்?"

"வேற யாராவது கலக்கட்டும். இல்ல, டாக்டர்கிட்ட ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கோங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே போனேன். ஜெயபால் கேட்டுக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நான் கலக்குறேன்மே" என்றார்.

"நீயா? வூட்ல ஒரு தோசையத் திருப்பத் தெரியாது உனக்கு."

"தோச திருப்பத் தெரியாதவன் அத்தோ கலக்கக் கூடாதுன்னு எங்கனா போர்டு போட்டுக் கீதா?"

குடோனில் காலை ஷிப்ட்டாக மாற்றி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் குளித்துவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து வண்டியில் நின்றார். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாயால் ஓட்டினேன். முதல் நாள் அவர் கலக்கியதை வசந்தாவிடம் கொடுத்தோம். ஒரு வாய் வைத்தாள்.

"இன்னாண்ணா இது? புளிக்கொயம்புல நூல் போட்டுக் கொண்டாந்துட்ட?"

மனிதர் அசரவில்லை. மறுநாள் புளி குறைந்தது, உப்பு ஏறியது. அதற்கு மறுநாள் உப்பு சரியாயிற்று, வெங்காயத்தை மறந்துவிட்டார். வாடிக்கைப் பசங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே தின்றார்கள். ஒருத்தனும் வேறு வண்டிக்குப் போகவில்லை. "மாமு, இன்னிக்குப் பரவால்ல" என்று ஒருத்தன் சொன்ன அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து அந்த வாக்கியத்தை என்னிடம் மூன்று தடவை சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதை மறந்துவிட்டார்.

பிசியோவில் முதலில் மெழுகு. உருக்கிய மெழுகில் கையை முக்கி முக்கி எடுத்து, துண்டு சுற்றி வைப்பார்கள். சூடு உள்ளே இறங்கித் தழும்பு இளகும். அந்த நேரம் சுகமாக இருக்கும், கண் சொக்கும். அடுத்ததுதான் வேலை. தழும்பின் மேல் லேசாக எண்ணெய் தொட்டு, விரலால் வட்டமாக, குறுக்காக, அப்புறம் இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி உருட்ட வேண்டும். தேய்க்கக் கூடாது, நகர்த்த வேண்டும். தோல் விரலோடு சேர்ந்து போக வேண்டுமே தவிர, விரல் தோல் மேல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. காயம் முழுக்க மூடிய பிறகுதான் இதைச் செய்யலாம். வசந்தா எங்கிருந்தோ ஒரு காரமான தைலம் கொண்டுவந்தாள். மேடம் முகர்ந்து பார்த்துவிட்டு, புதுத் தழும்பு வெந்துவிடும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வசந்தா அதைத் தன் முட்டிக்குத் தடவிக்கொண்டாள்.

அதற்கப்புறம் முழங்கையை இடுப்போடு துண்டால் கட்டிவிடுவார்கள். முதுகு சுவரில். கையில் ஒரு சுத்தியல். அதன் தலை கனத்தில் கை மெல்ல வெளிப்பக்கம் சாயும். இழுக்கிற இடத்தில் நிறுத்திப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் பக்கத்து நாற்காலியில் எண்ணூர்க் குப்பத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். போட்டில் வலை இழுக்கும் கயிறு சுற்றி விரல்களில் அடிபட்டவர். ஒரு ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருப்பார்.

"நீ இன்னாமா, சுத்திய வச்சிக்கினு யாரை அடிக்கப் போற?"

"எங்க வூட்டுக்காரரத்தான். நேத்து பேஜோ போட மறந்துட்டாரு."

"பாவம்மா. விட்ரு."

அந்தக் கூடத்தில் இப்படித்தான் பொழுது போகும். வலிக்கும்போது ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுத்துக்கொள்வோம். யாருக்காவது ஒரு விரல் கொஞ்சம் மடங்கினால்கூட எல்லாரும் எட்டிப் பார்ப்போம். ஆஸ்பத்திரிக்குப் போவது எனக்குப் பிடித்துவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மை. கடை ஆரம்பித்ததிலிருந்து பகலில் நான் சும்மா உட்கார்ந்ததே கிடையாது.

வீட்டில் தழும்பை உருட்டிவிடுவது ஜெயபால். குடோனில் மூட்டை தூக்கிக் காய்த்துப்போன விரல்கள். முதலில் முரடாக இருந்தது, திட்டினேன். மேடத்திடம் கூட வந்து, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தன் கையிலேயே செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார். சீரியல் பார்த்துக்கொண்டே உருட்டுவார். ஒரு நாள் திடீரென்று டிவியை நிறுத்திவிட்டு, "இத்தப் பாரு" என்றார். தழும்பின் நடுப்பகுதி அவர் விரல்களுக்கு இடையில் மடிப்பாகத் தூக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு நாளும் அது அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தோம். சீரியலில் யாருக்கோ கல்யாணம் நின்றதோ நடந்ததோ தெரியாது.

ஆனால் தோல் விட்டதே தவிர, கை மனசு வைக்கவில்லை. ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாகப் புரளும், மறுநாள் காலையில் மறுபடி இறுகியிருக்கும். அப்படித்தான் போகும் என்று மேடம் சொன்னார். டாக்டர் பார்க்கிற நாள் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுபடி அந்தப் பச்சைத் துணி, மறுபடி தையல், மறுபடி முதலிலிருந்து இந்த ஒட்டுதல். அப்படி ஆனால் இனிமேல் என் கை அத்தோவுக்கு ஆகாதோ என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஜெயபால் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு ஒரு கவலையும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. ஓ.பி.யில் நீள வரிசை. என் கண் முழுக்க உள்ளே டாக்டர் மேஜை மேல்தான். எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் தேதி எழுதிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு நர்ஸ் சானிடைசர் பாட்டிலோடு நின்று, உள்ளே போகிற எல்லாருக்கும் கையில் ஊற்றிக்கொண்டிருந்தார். "கைய நீட்டுங்க, கைய நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நீட்டினேன். சில்லென்று விழுந்தது. இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு ஒரு அடி உள்ளே வைத்தேன்.

பின்னாலிருந்து ஜெயபால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏமே."

"இன்னாயா? உள்ள கூப்புட்றாங்க."

"எந்தக் கைய நீட்டுன?"

நான் கையைப் பார்த்தேன். ஈரம் வலது உள்ளங்கையில்தான் முதலில் விழுந்திருந்தது. தேய்ப்பதற்கு முன்னால் அங்கேயே தேங்கி நின்றிருந்தது. வழிந்து போகவில்லை. நான் சாயவுமில்லை. வரிசையில் அவ்வளவு நெருக்கத்தில் சாய இடமே இல்லை.

டாக்டர் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். "இனிமே நான் என்னத்தைப் பார்க்குறது?" என்றார். ஆனாலும் சுவரோரம் உட்கார வைத்து, முழங்கையை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கை மேலே வந்தது. முழுக்கச் சமமாக இல்லை, சுண்டுவிரல் பக்கம் கொஞ்சம் சரிவு. தழும்பை ஒரு தள்ளு தள்ளினார், அது போய்விட்டு வந்தது.

"பாக்கியும் வரும். பிசியோவை விட்டுடாதே. கத்தி வேணாம்."

"அப்ப கலக்கலாமா சார்?"

"உடம்பை ஆட்டாம கலக்கு."

நான் சிரித்துக்கொண்டே ஜெயபாலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய மனிதர், அத்தனை பேர் பார்க்க, தோள் குலுங்க அழுதார்.

"யோவ், இன்னாயா ஆச்சு?"

"ரெண்டாவது தபா உன்ன உள்ள அனுப்ச்சிட்டு வெளிய உக்காந்துக்க எனக்குத் தெம்பு இல்லமே. நெனச்சி நெனச்சித் தூக்கமே இல்ல எனக்கு. நீ பயப்படப் போறியேன்னுதான் தூங்குற மாதிரி கெடந்தேன்."

பக்கத்தில் போய் நின்றேன். வலது கையில் இன்னும் அந்த மருந்து ஈரம் இருந்தது, கண்ணில் பட்டால் எரியும். இடது கையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.